கேபி செல்லுக்கு "100 சதவீதம் பொருத்தம்": எஸ்டிஆர் அறிக்கைக்குப் பணம் கட்டுமுன் படியுங்கள்

செல் லைன் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகை) அடையாளச் சான்று (எஸ்டிஆர்: டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளை எண்ணி, யாருடைய செல் என்று சொல்வது), மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் தொற்றும் மிகச் சிறிய பாக்டீரியா) சான்று இரண்டையும் சேர்த்து ஒரே "பேக்கேஜ்" விலையில் தரும் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு கேபி, எம்சிஎஃப்-7 (மார்பகப் புற்றுநோய்), ஏ549 (நுரையீரல் புற்றுநோய்) என்று மூன்று லைன்களை அனுப்பினோம். பத்து நாளில் மூன்றுக்கும் பளபளவென்று பிடிஎஃப் வந்தது. மூன்றிலும் "100 சதவீதம் பொருத்தம்", மூன்றிலும் "மைக்கோபிளாஸ்மா இல்லை". ஜர்னலுக்கு இணைத்து அனுப்ப அது போதும். வேறு எதற்கும் ஆகாது. கூடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஓட்டை எங்கே என்று மட்டும் சொல்கிறோம். இதே மாதிரி அறிக்கை கையில் இருந்தால் எடுத்து வைத்துப் பாருங்கள்.

முதலில் கேபி. வாய்ப் புற்றுநோய் செல் என்று பல் மருத்துவ ஆய்வேடுகளில் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1950களில் அப்படிச் சொல்லித்தான் அது புழக்கத்துக்கு வந்தது. உள்ளே இருப்பதோ ஹீலா: 1951இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து எடுத்த செல். தவறாக அடையாளம் காணப்பட்ட லைன்களுக்கு ஐசிஎல்ஏசி என்ற சர்வதேசக் குழு வைத்திருக்கும் பட்டியலில் கேபி, ஹெப்-2, சாங் லிவர், இன்ட்-407 நான்குமே ஹீலா என்றுதான் இருக்கின்றன. அறிக்கையின் அட்டவணையிலேயே டி13எஸ்317 என்ற டிஎன்ஏ இடத்தில் 12, 13.3 என்று அச்சாகியிருக்கிறது. அந்த 13.3 ஹீலாவின் கைரேகை மாதிரி. எஸ்டிஆர் பார்த்துப் பழகிய எவர் கண்ணிலும் படாமல் போகாது. ஆனால் அறிக்கையில் "ஹீலா" என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

காரணம் எளிது. படிவத்தில் நாங்கள் "கேபி" என்று எழுதினோம்; அவர்கள் தரவுத்தளத்தில் கேபி பக்கத்தை மட்டும் திறந்து ஒப்பிட்டார்கள். கேபியின் பதிவே ஹீலாவின் எண்கள்தான் என்னும்போது பொருந்தாமல் என்ன செய்யும்? தேட வேண்டியது மொத்தத் தரவுத்தளத்தையும். செல் லைன்களின் தகவல் தளமான செல்லோசாரஸில் கிளாஸ்டர் என்ற தேடல் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் அறிக்கையின் எண்களை அதில் போட்டால் இரண்டு நிமிடத்தில் உறவுக்கார லைன்கள் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும்.

அடுத்தது அட்டவணையின் நீளம். பயன்படுத்திய கிட் 16 இடங்களைப் படிப்பது (15 எஸ்டிஆர், பாலினம் காட்டும் அமெலோஜெனின் ஒன்று) என்று அறிக்கையே சொல்கிறது. அட்டவணையில் இருப்பதோ 9. பழைய தரவுத்தளப் பதிவுகளில் இருப்பதும் அதே 9, அதாவது 2011 தர விதி கேட்ட 8 எஸ்டிஆரும் அமெலோஜெனினும். பிறகு வந்த திருத்தத்தில் அது 13 எஸ்டிஆர் ஆகிவிட்டது. கிட் படித்த மீதி 7 இடங்கள் எங்கே போயின? ஓட்டிப் பார்த்திருந்தால் எண்கள் இருந்திருக்கும். பீக் படம் (அந்த எண்களைப் படிக்கும் கருவி வரையும் கோடு) கேட்டோம், ஒரே ஒரு மாதிரிக்கு மங்கலான ஸ்கிரீன்ஷாட் வந்தது. எஃப்எஸ்ஏ கோப்பு (கருவியின் மூலத் தரவு) கேட்டோம், "நிறுவனக் கொள்கை" என்றார்கள். 40 பாசேஜ் (பிரித்துப் புது ஃபிளாஸ்க்குக்கு மாற்றுவது) தாண்டிய எம்சிஎஃப்-7 ஒரு அல்லீலைக்கூட (ஓர் இடத்தில் வரும் எண்களில் ஒன்று) இழக்காமல் இருப்பது நடக்காத காரியம் இல்லை. ஆனால் பீக்கைக் காட்டாமல் நம்பச் சொல்வது அதிகம். 80 சதவீதத்துக்கு மேல் பொருந்தினாலே ஒரே மூலம் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். எல்லாவற்றிலும் 100 வந்தால்தான் சந்தேகம் வர வேண்டும்.

மைக்கோபிளாஸ்மா அறிக்கை இன்னும் மோசம். பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) ஜெல் படத்தில் அளவுகோலான லேடரும் மூன்று காலி லேன்களும், அவ்வளவுதான். பாசிட்டிவ் கன்ட்ரோல் (மைக்கோபிளாஸ்மா இருப்பது தெரிந்த மாதிரி) இல்லை, இன்டர்னல் கன்ட்ரோல் (அதே டியூபில் பிசிஆர் ஓடியதைக் காட்டுவது) இல்லை. காலி லேனுக்கு இரண்டு அர்த்தம் உண்டு: மைக்கோபிளாஸ்மா இல்லை, அல்லது பிசிஆரே ஓடவில்லை. அடர்ந்து வளர்ந்த ஃபிளாஸ்க்கின் மீடியம் பிசிஆரைத் தடுப்பது சகஜம் என்பதால் இன்டர்னல் கன்ட்ரோல் இல்லாத "நெகட்டிவ்" வெறும் காகிதம். மாதிரியை எப்படி எடுத்தோம் என்றும் அவர்கள் கேட்கவே இல்லை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல் சுவர் இல்லாததால் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. ஜென்டாமைசின் போன்றவை எண்ணிக்கையை அமுக்கி வைக்கும், ஒழிக்காது. 0.22 மைக்ரான் ஃபில்டரிலும் நழுவிவிடும், ஒரு மில்லியில் கோடிக்கணக்கில் இருந்தாலும் மீடியம் கலங்காது.

அதே செல்களை ஆன்டிபயாடிக் இல்லாமல் இரண்டு பாசேஜ் வளர்த்து, ஃபிளாஸ்க் நிறைந்தபின் மூன்று நாள் மீடியம் மாற்றாமல் விட்டு, 100 மைக்ரோலிட்டர் எடுத்து, 95 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, சுழற்றி, மேலே தெளிந்ததில் 2 மைக்ரோலிட்டரை கன்ட்ரோல்களோடு ஓட்டியதில் ஏ549 பாசிட்டிவ். டிஎன்ஏவை ஒளிர வைக்கும் டாபி சாயத்திலும் நியூக்ளியஸுக்கு வெளியே பொடிப் புள்ளிகள்.

எலியில் ஏற்றப் போகிற செல்லுக்கும் இதே பேக்கேஜ் போதும் என்று விற்பனையாளர் சொன்னார். போதாது. எலி ஹெபடைடிஸ் வைரஸ், எல்டிஈவி (இன்னொரு எலி வைரஸ்) போன்றவற்றுக்குத் தனி பிசிஆர் பேனல் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஊசியில் விலங்குக்கூடம் முழுக்கத் தொற்று. மனித எஸ்டிஆர் கிட் எலி செல்லையும் கண்டுகொள்ளாது. நியூட் எலியிலிருந்து (நோய் எதிர்ப்பு குன்றிய ஆய்வக எலி) வெட்டியெடுத்து வளர்த்த கட்டியில் எலி ஃபைப்ரோபிளாஸ்ட் மண்டியிருந்தாலும் அறிக்கை சுத்தமாகவே வரும். இனத்தைக் கண்டறியும் சிஓஐ பிசிஆரைத் தனியாகக் கேளுங்கள்.

அனுப்பும்போது செல்லின் பெயரை எழுதாதீர்கள், எண் மட்டும் போடுங்கள். ஒரே செல்லை இரண்டு எண்களில் அனுப்புங்கள், மைக்கோபிளாஸ்மாவுக்கு ஒரு டியூபில் வெறும் தண்ணீர் வையுங்கள். பெயர் இல்லாமல் செய்ய மாட்டோம் என்றால் ஆர்டரை ரத்து செய்துவிடலாம். எஃப்எஸ்ஏ கோப்பு, கன்ட்ரோல் லேன்களோடு முழு ஜெல் படம், இரண்டும் தருவதாகப் பணம் கட்டுமுன்பே மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

பணம் திரும்பி வரவில்லை. புகாருக்கு வந்த பதில் ஒரே வரி: "அறிக்கையில் ஹீலா என்று மாற்ற வேண்டுமா? திருத்தி அனுப்புகிறோம்." மறுநாளே வந்தது, பழைய தேதியோடு.