மேக்டலனின் 'பிக் பேங்': பதினைந்து வருடம் கேட்ட பிறகு

இந்த ஆல்பத்தின் சிடியை வாங்கியபோது எனக்கு கிதார் பைத்தியம். பாட்டு எப்போது முடிந்து கிதாரின் தனி வாசிப்பான சோலோ வரும் என்று காத்திருந்த வயது. பதினைந்து வருடம் ஓடிவிட்டது. இன்று அதே சிடியைப் போட்டால் கிதாரைத்தான் கடைசியாகக் கவனிக்கிறேன்.

மேக்டலன் ஓர் அமெரிக்கக் கிறிஸ்தவ ஹார்ட் ராக் சூப்பர்குரூப், அதாவது வேறு குழுக்களில் ஏற்கெனவே பெயரெடுத்தவர்கள் சேர்ந்த குழு. பாட்டும் கிதாரும் கென் டாம்ப்ளின். அதற்கு முன் ஷவுட் குழுவில் பெயரெடுத்தவர். லானி கார்டோலா கிதார், கென் மேரி டிரம்ஸ். கிஸ் குழுவின் ஜீன் சிம்மன்ஸ் தன் லேபிளில் 1988-ல் கொண்டுவந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸின் முதல் ஆல்பத்தில் வாசித்தவர்கள் இந்த இருவரும். கென் மேரி, ராக் பாடகர் ஆலிஸ் கூப்பருக்கும் வாசித்திருக்கிறார். நான்காவது ஆள்தான் ஆச்சரியம். பேஸ் வாசித்த பிரையன் பிராம்பெர்க் ஜாஸ்காரர், இளம் வயதிலேயே ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஸ்டான் கெட்ஸோடு வாசித்தவர்.

ஆல்பத்தை இன்டென்ஸ் ரெக்கார்ட்ஸ் 1992-ல் வெளியிட்டது. நேரம்தான் சரியில்லை. முந்தைய செப்டம்பரில் நிர்வாணா என்ற ராக் குழுவின் கரடுமுரடான 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்து, நீளமுடிக்காரர்களின் பிரம்மாண்டக் கோரஸ்கள் எல்லாம் பழைய சரக்காகிவிட்டன. இவர்களோ குரலுக்கு மேல் குரல் அடுக்கி, குவீன் என்ற ராக் குழுவின் பாணியில் ஒரு கோட்டையையே கட்டி முடித்திருந்தார்கள். பந்தல் பிரித்த பிறகு மேளக்காரர் வந்து இறங்கிய கதை. கிறிஸ்தவ ஆல்பத்துக்குப் பிரபஞ்சம் பிறந்த கதையைச் சொல்லும் அறிவியல் கொள்கையின் பெயரான 'பிக் பேங்' என்று பெயர் வைத்த குசும்பு மட்டும் எனக்கு இன்றும் பிடிக்கும்.

முதல் இரண்டு வருடம் 'எண்ட் ஆஃப் தி ஏஜஸ்' என்ற பாட்டு ஒன்றையே தேய்த்தேன். அப்புறம் பஸ் பயணத்துக்காக எல்லாவற்றையும் சுருக்கி, தரம் குறைந்த 128 கேபிபிஎஸ் எம்பி3-ஆக மாற்றியது என் முட்டாள்தனம். குரல்கள் கூழாகின, பேஸ் காணாமல் போனது. பிராம்பெர்க் சும்மா சம்பளம் வாங்கியிருக்கிறார் என்றுகூட நினைத்தேன். வருடங்கள் கழித்து ஒரு நல்ல ஹெட்ஃபோன் வாங்கி, பழைய சிடியைத் துடைத்துப் போட்டபோதுதான் தெரிந்தது: கிதார் இரைச்சலுக்கு அடியில் மனிதர் தனியாக ஒரு கச்சேரியே நடத்திக்கொண்டிருக்கிறார். ஐந்தாறு வருடம் கேட்ட ஆல்பம் அன்றைக்குப் புதிதாகிவிட்டது.

குறைகள் உண்டு. ஒரே மூச்சில் கேட்க முடியாது. அந்தக் குரல் அடுக்கு பாதியிலேயே திகட்டிவிடும். மெதுவான பாடல்களை நான் தாண்டிவிடுவேன். டிரம்ஸின் எதிரொலி அந்தக் காலத்து முத்திரை. காரில் வேண்டவே வேண்டாம். டாம்ப்ளின் உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து சிக்னல் விழும், பக்கத்து ஆட்டோக்காரர் உள்ளே எட்டிப் பார்ப்பார்.

சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை நான். வரிகள் எனக்குப் பிரசங்கமாகப் படவில்லை, ஆனால் நெருக்கமாகவும் ஆகவில்லை. ஒட்டிக்கொண்டது குரல்தான். டாம்ப்ளின் இப்போது யூட்யூபில் பாட்டு வாத்தியாராகப் பிரபலம். அவருடைய பயிற்சி ஒன்றை வீட்டில் செய்து பார்த்தேன். "உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று மனைவி கேட்டதோடு சரி.

கார்டோலா போன பாதையே வேறு. 2012-ல் காபூலில் நடந்த தற்கொலைத் தாக்குதலில், தெருவில் சாமான் விற்ற சிறுமிகள் இறந்த செய்தி அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆப்கன் சிறுமிகளுக்கு கிதார் கற்றுக்கொடுக்க 'மிராக்குலஸ் லவ் கிட்ஸ்' என்ற பள்ளியைத் தொடங்கினார். 2021-ல் தாலிபான் திரும்பி வந்ததும், அந்தப் பிள்ளைகளைப் பாகிஸ்தானுக்கு அழைத்துவர அலைந்தார்.

இதைப் படித்த பிறகு, ஆல்பத்தில் கார்டோலாவின் சோலோக்களை மட்டும் தேடிக் கேட்டேன். விரல் வேகம் அப்படியே இருக்கிறது. எனக்குத்தான் பழைய பரவசம் வரவில்லை. அந்தச் சிறுமிகள் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் வீடியோவை அன்று ராத்திரி மூன்று முறை பார்த்தேன்.