எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம்: கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு

மகளுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைத்து வந்ததிலிருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் காட்டுகிறோம். மருத்துவத்தில் குறை சொல்ல மாட்டேன். ரத்தம், சர்க்கரை, சிறுநீர் எல்லாம் பைசா செலவில்லாமல் பார்க்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது. கழிவறைகூடச் சுத்தம்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். கிராம சுகாதார செவிலியர் ஐயாயிரம் பேருக்கு ஒருவர் என்பது அரசின் கணக்கு. பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் ஆளே போடாததால், எங்கள் நர்சம்மா அந்த ஊர்களையும் கூடுதல் பொறுப்பாகச் சுமக்கிறார். எடை, ரத்த அழுத்தம், கொடுத்த மாத்திரை என்று ஒரே விவரத்தை அட்டையில் எழுதி, பதிவேட்டில் எழுதி, மறுபடியும் கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் அரசின் பிக்மி இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதைத் தள்ளிப்போடவும் அவரால் முடியாது. 2017 முதல் பிறப்புச் சான்றிதழுக்கே பிக்மி எண் கேட்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் அந்தப் பதிவு வேண்டும். பணம் வராவிட்டால் ஊர் திட்டுவது அவரைத்தான்.

என் மகளின் பதிவு மாப்பிள்ளை ஊரில் இருந்தது. அதை இங்கே மாற்ற உட்கார்ந்த அன்று சர்வர் வேலை செய்யவில்லை. வரிசை வாசல்வரை நீண்டுவிட்டது. மகளின் ரத்த அழுத்தம் 140/90, அதிகம்தான். அட்டையில் குறித்த கையோடு நர்சம்மா மறுபடி திரைக்குத் திரும்பிவிட்டார். "கால் வீங்குதக்கா" என்று மகள் சொன்னது அவர் காதில் விழவில்லை. அந்த வழியாகப் போன ஸ்டாஃப் நர்ஸ்தான் குனிந்து கணுக்காலை அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது. உடனே படுக்கவைத்து மறுபடி அளந்தார். மருத்துவர் மாவட்டக் கூட்டத்துக்குப் போயிருந்ததால் போனில் கேட்டுக்கொண்டு தாலுகா மருத்துவமனைக்கு அனுப்பினார். இப்போது மாத்திரையில் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது.

நர்சம்மாமீது எனக்குக் கோபமில்லை. மழையிலும் வீடு தேடி வந்து மகளைப் பார்த்தவர் அவர். அந்த ஸ்டாஃப் நர்ஸ் பிரசவ அறை, ஊசி, புறநோயாளி என்று ஒற்றை ஆளாக ஓடுகிறார். 2015-இல் தேர்வெழுதி 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியர்கள், நிரந்தரப் பணி கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத்துறை அலுவலகங்கள் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் போராட்டமாக உட்கார்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்டது எவ்வளவு நியாயம் என்று அன்று மகளின் காலருகே நின்றபோது புரிந்தது. ஒரு நிலையத்துக்கு ஒரு பதிவு எழுத்தரைப் போட்டால் போதும், செவிலியரின் கண் நோயாளிமேல் நிற்கும். இதை மனுவாக எழுதி வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுத்திருக்கிறேன்.

பிரசவத்தையும் இங்கேயே பார்க்க நினைத்திருந்தோம். அழுத்தம் இருப்பதால் தாலுகா மருத்துவமனைதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மற்றவர்கள் தயங்காமல் வரலாம். தாய்வீட்டுக்கு வரும் பெண்கள் பிக்மி எண், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றின் நகலையும் கொண்டுவாருங்கள். பதிவு மாற்றத்தைச் செவ்வாயன்று வைத்துக்கொள்ளாதீர்கள், புதன்கிழமை தடுப்பூசிக் கூட்டம் இருக்கும், வேறு நாளில் போங்கள். தலைவலி, பார்வை மங்கல், கால் வீக்கம் இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் அதைச் சொல்லுங்கள். கவனிக்கவில்லை என்றால் இன்னொரு முறை உரக்கச் சொல்லுங்கள்.