"கடையை மூடுகிறோம்" என்று விற்கும் வெள்ளி நகையை வாங்காதீர்கள்

இங்கிலாந்தில் இருக்கிற நம் ஆட்கள், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு நகை வாங்க நினைக்கிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முகநூலில் ஒரு விளம்பரம் வந்தது. வயதான கணவனும் மனைவியும் ஒரு சின்னப் பட்டறையில் நிற்கிறார்கள், பின்னால் மர அலமாரி, கீழே "பர்மிங்காமில் 31 வருடம் நடத்திய கடையை மூடுகிறோம், மிச்சமிருக்கும் கைவேலை வெள்ளி நகைகள் 80 சதவீதம் தள்ளுபடியில்" என்று எழுதியிருந்தது. பர்மிங்காமில் ஜுவல்லரி குவாட்டர் என்று உண்மையிலேயே ஒரு பகுதி இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக நகை செய்கிற இடம். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அக்காவின் மகளுக்குப் பதினாறாவது பிறந்தநாள் வந்துகொண்டிருந்தது, ஒரு சங்கிலியும் அதற்குப் பொருத்தமான தோடும் 38 பவுண்டுக்கு ஓடர் செய்தேன்.

பர்மிங்காமிலிருந்து லண்டனுக்கு ஒரு பார்சல் வர இரண்டு நாள் போதும். இது 19 நாள் எடுத்தது. ட்ராக்கிங் எண் வந்த அன்றே கவனித்திருக்க வேண்டும், அதன் கடைசி இரண்டு எழுத்து சி, என். சர்வதேசத் தபால் எண்ணின் கடைசி இரண்டு எழுத்தும் பொருள் எந்த நாட்டில் தபாலில் சேர்க்கப்பட்டது என்பதைச் சொல்லும், சிஎன் என்றால் சீனா. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பை, அதன் மேல் சுங்கச் சீட்டு, அதில் பொருளின் பெறுமதி 3 டொலர் என்று போட்டிருந்தது. ஆனால் உள்ளே இருந்தது பார்க்க நல்ல வடிவு, தோட்டின் தண்டில் 925 என்று, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று, பொறித்தும் இருந்தது. சரி, இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் இரவு பிள்ளை போன் எடுத்து "சித்தி, காது சரியாக் கடிக்குது" என்றாள். அடுத்த நாள் போய்ப் பார்க்கிறேன், இரண்டு காது மடலும் சிவந்து வீங்கி, துளையைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கொப்பளம், ஒன்றிலிருந்து நீர் வடிந்து தலையணை உறையில் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. டொக்டர் பார்த்துவிட்டு, மலிவு நகைகளில் கலக்கிற நிக்கல் என்ற உலோகத்தால் வந்த ஒவ்வாமை என்றார். இது ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும், இனி ஜீன்ஸ் பட்டன், பெல்ட் கொக்கி எல்லாவற்றிலும் அவள் கவனமாக இருக்க வேண்டும். பணம் போனதைவிட இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. துளைக்குள் போகிற தண்டிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று இங்கே சட்டமே இருக்கிறது. நேரே வீட்டு வாசலுக்கு வருகிற மூன்று டொலர் பார்சலை அப்படி யார் சோதிக்கப் போகிறார்கள்?

ஈஸ்ட் ஹாமில் எங்களுக்குத் தெரிந்த நகைக்கடை ஐயாவிடம் கொண்டுபோனேன். சங்கிலியின் கொக்கியை அரத்தால் லேசாக உரசினார், உள்ளே மஞ்சள் தெரிந்தது. அதில் ஒரு சொட்டு அமிலம் விட்டார், பச்சையாக நுரைத்தது. தன்னுடைய வெள்ளித் துண்டு ஒன்றிலும் விட்டுக் காட்டினார், அது பால் மாதிரி வெளிறியது. "தங்கச்சி, இது பித்தளை, மேல முலாம் மட்டும்தான்" என்றார். காந்தம் ஒட்டவில்லையே என்று கேட்டேன், பித்தளையும்தான் ஒட்டாது என்றார்.

அவர் சொல்லித்தான் இன்னொன்றும் தெரிந்தது. 925 என்பதை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், அது ஹால்மார்க் ஆகாது, அதாவது தூய்மையைச் சோதிக்கிற அலுவலகம் அடிக்கும் முத்திரை ஆகாது. 1973 ஹால்மார்க் சட்டப்படி இங்கே வெள்ளி என்று சொல்லி விற்கிற பொருள் 7.78 கிராமுக்கு மேல் இருந்தால் முத்திரை கட்டாயம், தங்கத்துக்கு 1 கிராம். செய்தவர் அல்லது விற்பவர் குறி, தூய்மை எண், சோதித்த அலுவலகத்தின் குறி என்று மூன்று இருக்க வேண்டும். பர்மிங்காம் அலுவலகத்தின் குறி நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை. என் சங்கிலி தராசில் 11 கிராம், 925ஐத் தவிர ஒரு கீறல்கூட இல்லை.

பணத்தைக் கேட்டு எழுதினேன். மிகவும் பணிவான பதில், நகையை நீங்களே வைத்திருங்கள், 20 சதவீதம் திருப்பித் தருகிறோம். மறுத்தேன், 35 ஆயிற்று. பிறகு 50. காதின் படத்தை அனுப்பினேன், அதற்கும் அதே 50. முழுப் பணமும் வேண்டுமென்றால் சீனாவில் ஒரு முகவரிக்கு நானே செலவு செய்து அனுப்ப வேண்டுமாம், ட்ராக்கிங்கோடு அனுப்பினால் தபாலுக்கே நல்ல காசு போகும். அந்தப் பாதிப் பணத்துக்குச் சம்மதித்துவிடாதீர்கள், சம்மதித்தால் பிரச்சினை தீர்ந்தது என்று அவர்கள் அதையே வங்கிக்குக் காட்டுவார்கள்.

நான் வங்கியைக் கூப்பிட்டு சார்ஜ்பேக் கேட்டேன், அதாவது கார்டில் கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து வங்கியே திருப்பி எடுத்துத் தருவது. டெபிட் கார்டுக்கும் இது உண்டு, பொதுவாக 120 நாளுக்குள் கேட்க வேண்டும். கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல் என்றால் பிரிவு 75 என்ற இன்னும் பலமான சட்டம் இருக்கிறது, என்னுடையது அதற்குள் வரவில்லை. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், மின்னஞ்சல்கள், சுங்கச் சீட்டின் படம், நகைக்கடை ஐயா கடைத்தாளில் எழுதிக் கொடுத்த இரண்டு வரி, எல்லாம் அனுப்பினேன். ஆறு வாரத்தில் 38 பவுண்டும் வந்தது.

வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். அந்தத் தளத்தின் பெயர் பதியப்பட்டே நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, 31 வருடக் கடையாம். இங்கே நிறுவனங்களைப் பதிவு செய்கிற கம்பனீஸ் ஹவுஸின் தளத்தில் இலவசமாகத் தேடலாம், அப்படி ஒரு நிறுவனமே இல்லை. முகவரியும் இல்லை, ஒரு மின்னஞ்சல் மட்டும். சங்கிலியின் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால் மொத்த விற்பனைத் தளங்களில் அதே படம் வரிசையாக வருகிறது. போன வாரம் அக்காவின் போனில் அதே வயதான தம்பதி, அதே மர அலமாரி, இந்தமுறை எடின்பரோவில் கடையை மூடுகிறார்கள்.

இப்படி ஏற்கெனவே வாங்கியவர்கள் இருந்தால் நகையைக் கழற்றி வைத்துவிட்டு இன்றைக்கே வங்கிக்குப் போன் பண்ணுங்கள், பையையும் சுங்கச் சீட்டையும் எறிந்துவிடாதீர்கள். வங்கிக்கு நான் எழுதிய கடிதம் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.