மூக்கு ஆபரேஷனுக்கு கீழ போற மலைக்காரங்க இத படிச்சிட்டு போங்க

எங்க வீட்டுக்காரருக்கு குன்னூர்ல டீ ஃபேக்டரி வேலை. மூக்குத்தண்டு வளைஞ்சு ஒரு பக்கம் சுத்தமா மூச்சு போகாது. கோயம்புத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி (பேர் போடல), "செப்டோபிளாஸ்டி (வளைஞ்ச தண்ட நேராக்கற ஆபரேஷன்), எல்லாம் சேர்த்து பேக்கேஜ், காலைல வந்தா சாயங்காலம் வீடு, மூணாம் நாள் வேலைக்கே போலாம்"னாங்க. சொன்னது டாக்டர் இல்ல, கவுன்டர்ல இருந்த பொண்ணு.

மயக்கம் சரியா தெளியல, ரெண்டு மூக்குலயும் பேக் (ரத்தம் நிக்க உள்ள வைக்கற அடைப்பு) அடைச்சிருக்கு, மூக்குக்கு கீழ பஞ்சு வச்சு பிளாஸ்டர் ஒட்டிருக்கு, அந்த கோலத்துலயே, அடுத்த ஆளுக்கு பெட் வேணும்னு எங்கள அனுப்பிட்டாங்க. எங்க ஊர் எங்கன்னு கூட கேக்கல. மூக்கு அடைச்சிருந்தா எச்சில் முழுங்கினாலே காது அடைக்கும், அதோட மேட்டுப்பாளையம் தாண்டி 14 கொண்டை ஊசி ஏறினா கேக்கவா வேணும். பர்லியாறு பழக்கடைகிட்ட வண்டிய நிறுத்தச் சொன்னாரு, பஞ்சு பூரா செவப்பு, தொண்டைல இறங்கின ரத்தத்த முழுங்கி முழுங்கி கருப்பா வாந்தி. ஆஸ்பத்திரி நம்பர் ரிங் போகுது, போகுது, எடுக்க ஆளில்ல.

குன்னூர் வந்து அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினோம். டூட்டி டாக்டரம்மா அவர முன்னாடி குனிஞ்சு உக்கார வச்சு, முழுங்காம துப்புங்கன்னு சொல்லி, ராத்திரி பூரா பாத்துக்கிட்டாங்க. புண்ணியவதி. என்னென்ன ஆகும்னு அவங்க சொல்லித்தான் தெரியும். ரத்தம் கலந்த தண்ணி சில நாள் கசியும், அது சகஜம், நிக்காம வடிஞ்சாலோ தொண்டைல இறங்கினாலோ சகஜம் இல்ல. பேக் ஒண்ணு ரெண்டு நாள்ல எடுப்பாங்க, உள்ள ஸ்ப்ளின்ட் (தண்ட நேரா தாங்கற தகடு) வச்சா ஒரு வாரம் போல இருக்கும். மூக்கு சிந்தக்கூடாது, தும்மினா வாயத் தொறந்து தும்மணும், தலைய ஒசத்திப் படுக்கணும், ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை கேக்காம போடக்கூடாது. முன்பல்லு மரத்த மாதிரி இருக்கும், பெரும்பாலும் தானா சரியாகும். ஆனா அடைப்பும் வலியும் கூடிக்கிட்டே போனா, கூடவே காய்ச்சல் வந்தா, நடுத்தண்டுல ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே எடுக்கலன்னா குருத்தெலும்பு கெட்டு மூக்கே உள்வாங்கிடும். இவ்வளவு பெரிய விஷயம், கீழ ஒருத்தர் வாயில வரல, குடுத்த பேப்பர் முழுக்க இங்கிலீஷு.

பேக் எடுக்கப் போனா அதுக்கு தனி பில். ஸ்ப்ளின்ட் தனி. "டர்பினேட் ரிடக்‌ஷன்"னு (மூக்குக்குள்ள பக்கவாட்டுல இருக்கற சதைய சின்னதாக்கறது) புதுசா ஒண்ணு. யார கேட்டு பண்ணீங்கன்னா கையெழுத்த காட்டறாங்க, ஸ்ட்ரெச்சர தள்ளிக்கிட்டு போகும்போது அவசரமா நீட்டின பேப்பர் அது.

மூச்சு இப்ப நல்லா வருது, அத இல்லன்னு சொல்ல மாட்டேன். டீத்தூள் பறக்கற எடத்துக்கு மூணாம் நாள் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னுதான் பயம்.

நம்ம பக்கத்து ஆளுங்க பேக் எடுக்கற வரைக்கும் கீழயே ரூம் போட்டோ சொந்தக்காரங்க வீட்லயோ தங்கிடுங்க. பேக்கேஜ்ல என்னென்ன சேரும், ராத்திரி போன் பண்ணா யாரு எடுப்பாங்க, ரெண்டையும் எழுதி வாங்கிட்டு பணம் கட்டுங்க. நாங்க பில் காப்பியோட ஜே.டி. ஹெல்த் (மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்) ஆபீஸுக்கு புகார் அனுப்பிட்டோம், இதே மாதிரி மாட்டினவங்க இருந்தா உங்க பில்லையும் தூக்கிப் போட்றாதீங்க.