ஆறடி உப்புத்தண்ணீர் டேங்க்குக்கு எந்தக் கல்: வாங்கியதா, வார்த்ததா?

பழைய நாலடி டேங்க்கில் ஒரே ஒரு டோமினோ டாம்சல் மீனைப் பிடிக்க எனக்கு உளியும் சுத்தியலும் தேவைப்பட்டன. கொளத்தூரில் வாங்கும்போது நகம் அளவுதான் இருந்தது. கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் பொட்டு. ஒன்றரை வருடத்தில் நன்றாக வளர்ந்து, க்ளௌன் மீன் ஜோடியை ஒரு மூலையை விட்டு நகரவிடாமல் செய்துவிட்டது. வலையை இறக்கினால் கல் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். சரி, கல்லை எடுக்கலாம் என்றால் கல் வரவில்லை. எபாக்ஸியும் சிமென்ட் கலவையும் வைத்து எல்லாக் கல்லையும் ஒரே சுவராக ஒட்டியது நானேதான். 'அசையவே அசையாது' என்று அன்றைக்குப் பெருமையாகப் படம் வேறு எடுத்து வைத்திருந்தேன்.

ஆறடிக்கு மாறியபோது, உளியோடு போராடிய அந்த ஞாயிற்றுக்கிழமை மறக்கவில்லை. டேங்க் ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடி, கிட்டத்தட்ட 680 லிட்டர். அதற்குள் என்ன கல்லை எப்படி வைப்பது என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் நானே சிமென்டில் வார்த்துக்கொண்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

கடலில் இருந்து எடுத்த லைவ் ராக்கை, அதாவது உயிர்கள் குடியிருக்கும் பவளப் பாறைத் துண்டைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கல்லோடு மீன் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவும் வரும், டேங்க் சீக்கிரம் சைக்கிள் ஆகும் (மீன் விடத் தயாராகும்) என்பதெல்லாம் உண்மைதான். கூடவே ஐப்டேசியா என்ற கொட்டும் கடற்சாமந்தியும், மீனைத் தாக்கும் மாண்டிஸ் இறாலும் வரும் என்பதும் உண்மை. ஆனால் நம் ஊரில் இது விருப்பத்தேர்வே இல்லை. 2001-லேயே பாறை கட்டும் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து பவளத்தைப் பெயர்ப்பதும் வைத்திருப்பதும் சிறைக்குப் போகும் குற்றம், செத்த பவளம் என்றாலும் அதே கதைதான். அதே வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தே பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 'ராமேஸ்வரத்துச் சரக்கு, பழசு, ஒன்றும் ஆகாது' என்று யாராவது சாக்கைப் பிரித்துக் காட்டினால் நகர்ந்துவிடுங்கள்.

கருங்கல்லும் அப்படித்தான், ஒரு வரியில் முடித்துவிடலாம்: தண்ணீரைக் கெடுக்காது, ஆனால் கனம் அதிகம், பாக்டீரியா குடியிருக்க நுண்துளையும் கிடையாது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லை ஒருமுறை ஆசையாகக் கொண்டுவந்தேன். அந்த மண்ணே ஒரு காலத்தில் கடலடியாகக் கிடந்தது, கல்லில் சிப்பித் தடம்கூடத் தெரியும். வினிகர் விட்டால் நன்றாக நுரைத்தது. ஆனால் நான் பார்த்த துண்டுகள் இறுகலானவை, அங்கங்கே துருநிறக் கோடும் ஓடியது. ஒரு மாதம் பக்கெட்டில் ஊறப்போட்டதோடு சரி, டேங்க்கில் இறக்க மனம் வரவில்லை.

ஆக, நிஜமான போட்டி இரண்டுக்குள்தான்: இறக்குமதி ட்ரை ராக் (உயிர் எதுவும் இல்லாத காய்ந்த சுண்ணாம்புக்கல்), அல்லது வீட்டிலேயே வார்க்கும் சிமென்ட் கல்.

ட்ரை ராக்கை முதலில் நியாயமாகப் பார்த்துவிடுகிறேன். நல்ல ட்ரை ராக் கைக்கு லேசாக இருக்கும், உடைத்துப் பார்த்தால் உள்ளே ரொட்டி மாதிரி துளைகள். வாங்கிய அன்றே கழுவி டேங்க்கில் வைத்துவிடலாம், சிமென்ட் மாதிரி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. பார்வைக்கும் அதுதான் அழகு. சிமென்ட் கல்லில் முதல் ஆறு மாதம் ஒரு 'பார்க் பெஞ்ச்' களை இருக்கத்தான் செய்யும். வீட்டுக்கு வந்தவர் ஒருவர், 'இது மிருகக்காட்சிசாலைல கரடி உட்கார்ற பாறை மாதிரி இருக்கே' என்றார். மறுக்க முடியவில்லை. கோரலைன் பாசி இளஞ்சிவப்பாகப் படிய ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது.

ட்ரை ராக்கில் பழைய டேங்க்கைக் கலைத்தவர்களிடம் மலிவாக வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். சுண்ணாம்புக்கல் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, தண்ணீரில் பாஸ்பேட் குறையும்போது மெல்ல மெல்ல விடும். தண்ணீர் மாற்ற மாற்ற முடிப்பாசி ஏன் அடங்கவில்லை என்று ஒரு வருடம் தலையைச் சொறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

என்னைப் பொறுத்தவரை அழகும் விலையும் இதைத் தீர்மானிக்கவில்லை. கேள்வி ஒன்றுதான்: அந்தக் கல்லை நாளைக்கு வெளியே எடுக்க முடியுமா?

டோமினோ கதை ஒரு மீன் பிரச்சினை. அதைவிடப் பெரியது வெள்ளைப் புள்ளி நோய். அந்த ஒட்டுண்ணி மீன் உடம்பிலிருந்து உதிர்ந்து, கல்லிலும் மணலிலும் கூடு கட்டி, அங்கே பெருகி, மறுபடி மீனைத் தேடி வரும். மருந்து என்றால் செம்பு. அதை டேங்க்கிலேயே ஊற்றினால் இறாலும் நத்தையும் பவளமும் போகும், கல்லும் செம்பை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே மீன் அத்தனையையும் வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுத்து, பெரிய டேங்க்கை மீனே இல்லாமல் சும்மா விடவேண்டும். 76 நாள் என்பது இந்தப் பொழுதுபோக்கில் நிலைத்துவிட்ட கணக்கு. ஒரே ஒரு மீன் தப்பி உள்ளேயே இருந்தாலும் 76 நாளும் வீண். 'முக்கால்வாசி மீனைப் பிடித்துவிட்டேன்' என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

கல் சுவராக இருந்தால் இது நடக்காது. ஒட்டாமல் சும்மா அடுக்கினால்? நடக்கும், ஆனால் முப்பது நாற்பது துண்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும், திரும்ப அதே மாதிரி அடுக்க இன்னொரு நாள். மணலைத் தோண்டும் கோபி மீனும் பிஸ்டல் இறாலும் இருந்தால் அடுக்கியது நள்ளிரவில் சரியும் பயமும் உண்டு. பக்கக் கண்ணாடியில் ஒரு கல் விழுந்தால் அன்றைக்கு ஹாலெல்லாம் கடல்.

ட்ரை ராக்கையே இரண்டு மூன்று தனித்தனிக் கட்டுகளாக ஒட்டிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். ட்ரில் போட்டு அக்ரிலிக் கம்பி செருகி, ஜெல் சூப்பர் க்ளூவும் மணல்தூளும் வைத்து இறுக்கினால் நன்றாகவே நிற்கும், அப்படிச் செய்தவர்களும் இருக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். தடுத்தது டேங்க்கின் மேல்வாய். ஆறடி டேங்க்குக்கு நடுவில் குறுக்குக் கண்ணாடி உண்டு, ஓரம் முழுக்கவும் பட்டைக் கண்ணாடி. எல்லாம் போக எனக்குக் கிடைத்த வாய் ஒவ்வொன்றும் 78 சென்டிமீட்டருக்கு 44. வெளியே அழகாக ஒட்டிய கட்டு அந்த வாய்க்குள் நுழையவேண்டும், நுழைந்தது திரும்ப வரவும் வேண்டும். வாங்கிய கல் எந்தப் பக்கம் துருத்தும் என்பது நம் கையில் இல்லை. சிமென்டில் அது நம் கையில். அட்டையில் 78-க்கு 44 ஓட்டை வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லையும் அதற்குள் நுழைத்துப் பார்த்தே வளர்த்தேன்.

செய்தது இப்படி. 25 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப்பில் எலும்புக்கூடு. கம்பி கட்டவே இல்லை, ஜி.ஐ. கம்பி உப்பில் துருப்பிடித்துவிடும். வெள்ளை சிமென்ட் ஒரு பங்குக்கு, கோழித்தீவனத்துக்கு விற்கும் உடைத்த கிளிஞ்சல் நான்கு பங்கு, அதோடு கைநிறைய கல் உப்பு. ஊறும்போது உப்பு கரைந்து, அது இருந்த இடமெல்லாம் துளையாகிவிடும். பாலிமர் கலந்த வால் புட்டியை வெள்ளை சிமென்ட் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். கலவை பதத்தை எங்கள் வீட்டு வேலைக்கு வந்த மேஸ்திரிதான் காட்டிக்கொடுத்தார். 'சார், மீனுக்கு எதுக்கு சார் சிமென்ட்டு, செத்துடாதா?' என்று கேட்டார். கேள்வி சரிதான். புது சிமென்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு தண்ணீரின் பி.எச்.சை (கார அளவை) டெஸ்ட் கிட் அட்டவணைக்கு வெளியே தள்ளிவிடும். மூன்று வாரம் ஈரச்சாக்கு போர்த்தி க்யூரிங், அப்புறம் மாடியில் பழைய தண்ணீர்த் தொட்டியில் ஊறல், வாராவாரம் தண்ணீர் மாற்றல். ஊறலின் ஒன்பதாவது வாரம் வரை டெஸ்ட் கிட் கருநீலம் காட்டியது. பத்தாவது வாரம் 8.4-க்கு இறங்கி, இரண்டு தடவை புதுத் தண்ணீரிலும் அங்கேயே நின்றது. அதன் பிறகுதான் டேங்க்கில் இறக்கினேன். அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது.

மொத்தம் ஐந்து கட்டுகள். எதுவும் 14 கிலோவுக்கு மேல் இல்லை. ஒரு கட்டின் அடியில் முளை, இன்னொன்றின் மேல் குழி, ஆட்டுக்கல்லில் குழவி உட்கார்வதுபோல் உட்காரும், நேரே தூக்கினால் வந்துவிடும். தண்ணீருக்குள் இருக்கும்வரை பாதி கனம்தான் கையில் இருக்கும். மேலே வரும் கணத்தில் முழுக் கனமும் இறங்கும்போது முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே 12 சென்டிமீட்டர் விட்டேன், காந்த பிரஷ் தாராளமாகப் போகும்.

போன வருடம் பவுடர் ப்ளூ டாங் உடம்பில் உப்பு தூவியதுபோல் புள்ளி வந்தது. அந்த மீனுக்கு அது சகஜம். பாதித் தண்ணீரை டிரம்மில் இறக்கி, நானும் அக்கா பையனும் ஐந்து கட்டுகளையும் உப்புத்தண்ணீர் டப்புகளுக்கு மாற்ற அரைமணி நேரம். வெறும் டேங்க்கில் எட்டு மீனையும் பிடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. 'இவ்வளவுதானா மாமா?' என்றான். நாலடி டேங்க்கின் ஞாயிற்றுக்கிழமையை அவன் பார்த்ததில்லை.

திரும்ப வைக்கும்போது ஒரு பாடு உண்டு. கட்டைத் தூக்கியதும் மணல் சரிந்து அந்த இடத்தை மூடிவிடும். முதலில் கல் அடிக்கண்ணாடியில் நிற்கும்படிதான் வைத்திருந்தேன், மணலை அதற்குப் பிறகு போட்டேன். மறுபடி வைக்கையில் குழாய்போட்டு மணலை உறிஞ்சி இடம் செய்யவேண்டியிருந்தது. அவசரத்தில் மணல் மேலேயே வைத்தால் கோபி தோண்டும்போது ஆடும். ஒட்டிய சுவருக்கு இந்தத் தொல்லை கிடையாது.

செலவைக் கேட்பவர்களுக்கு: சிமென்டும் கிளிஞ்சலும் பைப்பும் சேர்த்து, அதே அளவு இறக்குமதிக் கல்லுக்குக் கேட்ட விலையில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மேஸ்திரிக்குக் கொடுத்ததையும் சேர்த்துத்தான்.

ஆனால் என் கல்லுக்கு வயது இரண்டே வருடம்தான். இதுவரை எங்கும் உதிரவில்லை. மென்பவளமும் ஜோவாந்தஸ் என்ற பொத்தான் பாலிப்பும்தான் வளர்க்கிறேன், ஆகவே அவற்றை வைத்துத்தான் என்னால் பேச முடியும். ட்ரை ராக் அளவுக்கு உள்துளை சிமென்டில் வராது, அதனால் நைட்ரேட் என்ற கழிவைக் குறைக்கக் கல்லை நம்பாமல், சம்ப்பில் (தனி வடிகட்டித் தொட்டியில்) பாசியும், கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மரும் வைத்திருக்கிறேன். மூன்றடிக்குள் டேங்க் இருந்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம், நல்ல ட்ரை ராக் நாலு துண்டு வாங்கி வைத்துவிடுங்கள்.

இப்போது புதிதாக ஒரு வேடிக்கை. நடுக் கட்டில் வைத்த க்ரீன் ஸ்டார் பாலிப் என்ற மென்பவளம் பாய் விரித்ததுபோல் படர்ந்து, பக்கத்துக் கட்டையும் பிடித்துவிட்டது. நான் ஒட்டாமல் விட்ட இணைப்பை அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாதம் ஒருமுறை பழைய ஏ.டி.எம். அட்டையை வைத்து அந்த ஓரத்தைக் கீறி எடுக்கிறேன்.