வெயில் படும் ஜன்னலில் ஸ்மார்ட் ஃபிலிம் ஒட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

மதுரையில் அண்ணி பல் கிளினிக் வைத்திருக்கிறார். மேற்குப் பக்க ஜன்னலுக்கு ஸ்மார்ட் ஃபிலிம் ஒட்டினார். ஸ்விட்சைப் போட்டால் கண்ணாடி தெளியும், அணைத்தால் பால் நிறமாகிவிடும். "99% யூவியைத் தடுக்கும், வெயிலைப் பத்திக் கவலையே வேணாம் டாக்டர்" என்று சொல்லித்தான் விற்றார்கள். யூவி என்றால் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்.

ஒரே கோடையில் ஃபிலிம் மஞ்சளாகிவிட்டது. ஸ்விட்சைப் போட்டாலும் மங்கல் விலகவில்லை. வெளியே பெயர்ப் பலகையின் நிழல் விழும் இடம் மட்டும் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. நிழலின் விளிம்பு எதுவோ அதுதான் மஞ்சளின் எல்லை. கடையில் கேட்டால் ட்ரான்ஸ்ஃபார்மர் கோளாறு என்றார்கள். காசு வாங்கிக்கொண்டு மாற்றினார்கள், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம்தான் வாரண்டி அட்டையைக் காட்டினார்கள்: "நேரடி வெயில் படும் இடங்களுக்குப் பொருந்தாது." முழுப் பணம் வாங்கிய பிறகு கொடுத்த அட்டை அது. ஜன்னலை நேரில் வந்து அளந்தவர்களும் அவர்களேதான்!

நான் பெயிண்ட் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். வெயிலில் பிசின் கெடுவதைப் பார்ப்பதுதான் என் வேலை. இந்த ஃபிலிமில் இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே பாலிமரும், அதற்குள் மிக நுண்ணிய திரவப் படிகத் துளிகளும் இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் துளிக்குள் மூலக்கூறுகள் ஒரே திசையில் நிற்கும். அப்போது துளியின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) பாலிமரின் எண்ணோடு ஒத்துப்போவதால்தான் கண்ணாடி தெளிகிறது. பாலிமர் கெட்டால் அந்தப் பொருத்தமும் போச்சு. போதாக்குறைக்கு, இந்தப் பாலிமரைப் பெரும்பாலும் யூவி விளக்கில்தான் இறுக வைக்கிறார்கள். யூவி பட்டதும் இறுகலைத் தொடங்கி வைக்கச் சேர்த்த தூண்டி மிச்சம் இருந்தால், ஜன்னல் வெயிலிலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். சாதாரணக் கண்ணாடி, யூவியில் அலைநீளம் குறைந்த யூவி-பியைப் பெருமளவு நிறுத்தினாலும், அலைநீளம் கூடிய யூவி-ஏயில் நிறைய உள்ளே விட்டுவிடும்.

"99% தடுக்கும்" என்றால் அறைக்குள் இருக்கும் சோபா பிழைக்கும், அவ்வளவுதான். அந்த யூவியைப் பெரும்பாலும் விழுங்குவது ஃபிலிமேதான். எவ்வளவு தடுக்கும் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு காலம் தாங்கும் என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குக் கடையில் பதிலே இல்லை.

பென்சோட்ரையசோல் வகை யூவி உறிஞ்சியும், வெயிலில் பிளாஸ்டிக் கெடுவதைத் தாமதமாக்கும் ஹால்ஸ் நிலைநிறுத்தியும் சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வெயில் போன்ற ஒளியில் வைத்துப் பார்க்கும் ஐஎஸ்ஓ 4892-2 செனான் விளக்குச் சோதனை அறிக்கையில் எத்தனை மணி நேரம், மஞ்சள் குறியீடு எவ்வளவு ஏறியது, ஸ்விட்ச் போட்ட நிலையில் மங்கல் எவ்வளவு என்று பாருங்கள். அறைக்குள் இருக்கும் கண்ணாடித் தடுப்புச் சுவருக்கு என்றால் இவ்வளவு கவலை வேண்டாம். வெளி ஜன்னல் என்றால், வெயிலுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே யூவி தடுக்கும் பிவிபி என்ற பிளாஸ்டிக் அடுக்கை நடுவில் வைத்து ஒட்டிய லேமினேட் கண்ணாடி வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன்பே வாரண்டி அட்டையை வாங்கிப் படித்துவிட்டு, "மேற்கு வெயில் படும் ஜன்னலுக்கு" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.