ஓ.பி.டி. வாசிப்புக் கருவி: திருகோணமலையில் மூன்று மாதப் பயன்பாடு

தீப்பெட்டியை விடச் சற்றே பெரிய இந்த நீலநிறக் கருவியை நான் 2,800 ரூபாவுக்கு வாங்கினேன். ஸ்டியறிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேல் மறைவாக இருக்கும் பதினாறு துளைச் செருகியில் (காரின் கணினி தன் நிலையைச் சொல்லும் இந்த வழிக்குத்தான் ஓ.பி.டி. என்று பெயர்) பொருத்தி, புளூடூத் வழியாகக் கைத்தொலைபேசிச் செயலியோடு இணைத்தால், எஞ்சினின் கணினி அறிந்தவற்றுள் பெரும்பகுதியை நாமும் அறியலாம். எஞ்சின் வெப்பம், சுழற்சி, வேகம், அந்தக் கணத்தில் எரியும் பெற்றோலின் அளவு ஆகியவை திரையில் ஓடுகின்றன. என்னுடையது ஆயிரம் சிசி டொயோட்டா விற்ஸ். 2022 ஜூலையில், எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் அட்டையில் அளந்து தந்த நாட்களில், 92 ஒக்ரேன் லீற்றர் 450 ரூபா விற்றபோது எனக்குப் பிடித்த கணக்குப் பார்க்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டே வரிசையில் காய்ந்த ஊர்க்காரர்கள் இந்தப் பழக்கத்தைக் கேலி செய்யமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே செருகியில் பொருந்தும், இதே தோற்றமுடைய, 'பெற்றோல் சேவர்' என்ற பெயரில் விற்கப்படும் பொருள் வேறு. அதைச் செருகினால் பச்சை விளக்கு மினுங்கும். எரிபொருள் மிச்சமாகும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். அப்படியானவற்றை உடைத்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது விளக்கை மினுக்கும் சுற்று மட்டுமே. நான் எழுதுவது 'இ.எல்.எம். 327' வகை வாசிப்புக் கருவியைப் பற்றி. இது எதையும் மிச்சம் பிடிப்பதில்லை, அப்படிச் சொல்லிக்கொள்வதும் இல்லை.

செயலி காட்டும் எண்ணை அப்படியே நம்புவதும் தவறு. முதல் வாரம் அது லீற்றருக்கு 21 கிலோமீற்றருக்கு மேல் என்று காட்டியது. எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. பிறகு ஒரே நிரப்பு நிலையத்தில், ஒரே பம்பில், குழாய் தானாக நிற்கும் வரை இரண்டு முறை நிரப்பிக் கணக்கிட்டபோது, 410 கிலோமீற்றருக்கு 22.6 லீற்றர் சென்றிருந்தது. அதாவது லீற்றருக்கு 18 தான். செயலியில் இதற்கான திருத்தக் காரணி ஒன்று உண்டு. அதைச் சரிசெய்த பிறகே எண்கள் உண்மைக்குக் கிட்ட வந்தன.

இக்கருவி தன் விலையை மீட்டுத் தந்த இடம் எஞ்சின் வெப்பம் காட்டும் மூலைதான். நகருக்குள் அரை மணி நேரம் ஓடிய பிறகும் எஞ்சின் தண்ணீரின் வெப்பம் 65 பாகையைத் தாண்டவில்லை. நெடுஞ்சாலையில் அது இன்னும் இறங்கியது. ஏறத்தாழ 80 பாகையில் திறந்து தண்ணீரை ரேடியேற்றருக்கு விட்டு, எஞ்சினை 80க்கும் 95க்கும் இடையில் வைத்திருக்க வேண்டிய தேமோஸ்டற் வால்வு இருக்கவேண்டிய இடத்தில் இல்லவே இல்லை என்பது கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முன்பொரு முறை ரேடியேற்றர் வேலைக்கு விட்ட கராஜில் அதை எடுத்துவிட்டிருக்கிறார்கள். கேட்டபோது, "இந்த வெக்கைக்கு அது தேவையில்லை தம்பி, எடுத்துவிட்டா எஞ்சின் குளிரா நிக்கும்" என்றார் அங்கிருந்த மூத்த மெக்கானிக். நம் பக்கத்தில் பலர் நல்லெண்ணத்தோடு செய்யும் வேலை இது. ஆனால் எஞ்சின் சூடேறவில்லை என்று கணினி நினைக்கும் வரை, காலையில் இயக்கும்போது ஊற்றுவது போலவே கூடுதலாகப் பெற்றோலை ஊற்றிக்கொண்டிருக்கும். ஒயிலும் தடிப்பாகவே நிற்கும். முகப்புப் பலகையில் வெப்பமுள் இல்லாத, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டுமுள்ள என் போன்ற கார்களில் இதைக் கண்டுபிடிக்க வேறு இலகுவான வழியில்லை. புதிய வால்வு போட்ட பின் நகர ஓட்டம் லீற்றருக்கு 11 கிலோமீற்றரிலிருந்து 12.5க்கு ஏறியது.

ஓட்டும் பழக்கத்தில் இது திருத்தியவை இரண்டு. உவர்மலை இறக்கத்தில் கியரை நியூற்றலுக்குத் தள்ளி உருட்டிக்கொண்டு வருவது எனக்கு நெடுநாள் வழக்கம். கியரிலேயே விட்டுக் காலை எடுத்தால் எரிபொருள் அளவு பூச்சியத்துக்கு விழுவதையும், நியூற்றலில் எஞ்சின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளச் சொட்டுச் சொட்டாகக் குடிப்பதையும் திரையில் கண்ட அன்றே அதை நிறுத்தினேன். பிறேக்குக்கும் அதுவே நல்லது. மற்றையது நெடுஞ்சாலை வேகம். கந்தளாய் வழியாக ஹபரணைக்குச் சென்ற ஒரு காலையில் 65இல் நிதானமாகப் போனபோது லீற்றருக்கு 20 கிலோமீற்றர் கிடைத்தது. இன்னொரு நாள் அவசரத்தில் 90இல் போனபோது 16தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால் இதில் வியப்பில்லை. நகருக்கு வெளியே கார்களுக்கான சட்ட எல்லையும் 70தான். அந்த வீதியில் யானைகள் குறுக்கே வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு கடைவாசலில் காத்திருப்பது மணிக்கு முக்கால் லீற்றருக்குக் கிட்ட எடுக்கிறது. வீட்டில் இதைச் சொன்னதற்குக் கிடைத்த பதிலை இங்கே எழுதப்போவதில்லை.

இக்கருவிக்குத் தெரியாதவையும் உண்டு. கடலோரத்தில் வாழும் நமக்கு அவையே முக்கியமானவை. சில்லுகளில் நடப்பது எதுவும் இதற்குத் தெரியாது. இரண்டாம் மாதத்தில் சராசரி காரணமின்றி இறங்கியது. வெப்பம், ஒட்சிசன் சென்சர், பிழைக் குறியீடுகள் எல்லாம் சரியாகவே இருந்தன. நிலாவெளிக்குப் போய் வந்த ஒரு மாலை, பிறேக்கை அதிகம் மிதிக்காமல் வந்து நிறுத்திய பின், ஒவ்வொரு சில்லின் அருகிலும் கையை நீட்டிப் பார்த்தேன் (தொடவேண்டாம், சுட்டுவிடும்). முன் இடப்பக்கச் சில்லு மட்டும் அனல் அடித்தது. உப்புக் காற்றில் கலிப்பர் பின் (பிறேக்கின் பிடி நகர்ந்து விலக உதவும் சிறு கம்பி) துருவேறி இறுகி, பிறேக் பாதி பிடித்தபடியே கார் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. துப்புரவாக்கிக் கிறீஸ் பூச ஒரு மணி நேரம் போனது. ரயர்க் காற்றும் அப்படியே: ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள தாளில் 32 என்றிருக்க, எனக்கு 26 நின்றது. வெயிலில் ஓடிவந்து அளந்தால் கூடுதலாகக் காட்டும். காலையில், வண்டி எடுக்கும் முன் அளக்க வேண்டும். இதற்குத் தேவையானது சாதாரணக் காற்றுமானி ஒன்றே, அது இக்கருவியை விட மலிவு.

குறைகளையும் சொல்லவேண்டும். மலிவுப் பிரதிகள் சிலவற்றில் இணைப்பு அடிக்கடி அறுகிறது. எனக்கும் வாரத்துக்கு ஒரு முறையாவது கழற்றிப் போடவேண்டி வந்தது. ஐபோன் வைத்திருப்பவர்கள் அதற்குப் பொருந்தும் வகையா என்று கேட்டு வாங்கவேண்டும். பழைய புளூடூத் வகை அதில் இணையாது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென வந்த பழைய வாகனங்கள் சில இதோடு பேசுவதே இல்லை, ஆகவே காசு கொடுக்கும் முன் உங்கள் காரிலேயே செருகிப் பார்க்கக் கேளுங்கள். கார் நிற்கும்போதும் இது மின்சாரம் எடுக்கும். இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் ஒன்பது நாள் கழித்துத் திரும்பியபோது பற்றரி செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டு ஓட்டோக்காரர் வயர் போட்டு இயக்கித் தந்தார். அவருக்கும் தன் வண்டியில் இதைப் போட ஆசை, ஆனால் அதில் செருகி இல்லை. இப்போது கருவி முகப்பு இழுப்பறையில் கிடக்கிறது. மாதம் ஒரு முறையும், நெடுந்தூரம் போகும்போதும் எடுத்துச் செருகுகிறேன்.